பக்கத்தில் இருந்தவள்

சுகிர்தா வந்து உட்கார்ந்தால் சுயம்புலிங்கத்தின் முனகல் நின்றுவிடும். ஆவுடையம்மாளுக்கு ஆகாதது அதுதான். நாற்பத்தொரு வருஷமாகப் பொங்கிப் போட்டவள் காலைப் பிடித்துவிட்டால் "விடுட்டி, வலிக்கி" என்கிற மனுஷன், வாரத்துக்கு மூன்று நாள் வருகிற ஒருத்தி கையைத் தொட்டதும் கண்ணயர்ந்து போனால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் வயிறு எரியாது?

சுயம்புலிங்கம் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தவர். ஈரலில் புற்று. இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிள்ளையில்லாத வீடு. அவருக்கு அவள், அவளுக்கு அவர் என்றுதான் இத்தனை காலமும் ஓடியது. அதற்குள்ளே மூன்றாவதாக ஒருத்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சுகிர்தா வாசுதேவநல்லூர்க்காரி, நர்ஸ், கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரப் பிள்ளை. சாகக் கிடப்பவர்கள் பக்கத்தில் எப்படி இருப்பது என்று பௌத்த தியான வழியில் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிக்குப் போய்வந்தவளாம். ஆவுடையம்மாள் பார்த்தவரைக்கும் அவள் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. மருந்து கொடுப்பாள், முதுகுப் புண்ணைத் துடைப்பாள். அப்புறம் செல்போனை அணைத்துவிட்டு, அவர் கைக்கு அடியில் தன் கையை வைத்துக்கொண்டு, அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் மூச்சு வெளியே போகும்போதெல்லாம் "ஆ..." என்று மெல்ல ஒரு சத்தம் விடுவாள். அரை மணி நேரத்துக்கு இதுதான் வேலை.

"இதுக்கு ஒரு படிப்பா?" என்று ஆவுடையம்மாள் கேட்டே விட்டாள்.

சுகிர்தா சிரித்தாள். "ஆமாம்மா, சும்மா இருக்கதுக்குத்தான் படிச்சேன். அவுகள எப்படியாவது பிடிச்சு நிறுத்திரணும்னு நம்ம மனசு கெடந்து அடிச்சிக்கிடும்லா? அத விடணும். உங்களுக்கு வலி இல்லாம இருக்கட்டும், நிம்மதியா இருக்கட்டும்னு மட்டும் நெனச்சுக்கிட்டு அவுக மூச்சுகூடவே நம்ம மூச்சையும் விடணும். நீங்களும் செஞ்சு பாருங்க."

அன்றைக்கு அவளுக்குப் போட்ட காப்பியில் ஆவுடையம்மாள் வேண்டுமென்றே சீனியைக் குறைத்தாள். அவளோ நன்றாயிருக்கிறது என்று குடித்துவிட்டுப் போனாள். அது இன்னும் எரிந்தது.

அவள் தலை மறைந்ததும் ஆவுடையம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து செய்தும் பார்த்தாள். நாலு மூச்சு ஒழுங்காகப் போனது. ஐந்தாவதில் வாய் சும்மா இருக்கவில்லை. "அந்தப் புள்ளைட்ட என்னமோ குசுகுசுன்னு சொன்னியளே, என்னது?"

சுயம்புலிங்கம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சுகிர்தாவிடம் கேட்டால், "அண்ணாச்சியே சொல்லுவாவ" என்று நழுவினாள். தன்னிடம் சொல்லாத ஒன்றை நேற்று வந்தவளிடம் சொல்லியிருக்கிறார். அந்த நினைப்பில் ஆவுடையம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. ஊர்க் கோயிலில் இருக்கிற கோமதியம்மாளிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் வேண்டிக்கொண்டாள். அவர் வாயில் கடைசிப் பாலைத் தன் கையால் விட வேண்டும். தன் பேரைச் சொல்லி, தன் கையில் அவர் மூச்சு அடங்க வேண்டும். அந்த நேரத்தில் அந்த நாற்காலியில் இன்னொருத்தி இருந்துவிடக் கூடாது.

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா அன்று மத்தியானம் அவருடைய மூச்சு விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. இரண்டு நாளாக அவர் கண்ணே திறக்கவில்லை. சுகிர்தாவுக்குப் போன் போடாமலே இருந்துவிடலாமா என்று ஆவுடையம்மாள் யோசித்தாள். பிறகு போட்டாள்.

"பஸ்ஸ ஊருக்கு வெளியவே நிப்பாட்டிட்டாவம்மா. ஒரே கூட்டம். நடந்து வாரேன்" என்றாள் சுகிர்தா.

ஆவுடையம்மாள் டம்ளரில் பாலும் கரண்டியும் எடுத்து வைத்துக்கொண்டு கட்டிலருகே வந்தாள். அவர் கை விரிப்பின் மேல் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"சுகிர்தா... வந்துட்டியா மக்கா?"

போகிற நேரத்திலும் அவள் பேர்தானா! நான்தான் இருக்கேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் அந்தக் கை விடாமல் தேடியது, மூச்சும் திணறியது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. அந்த நாற்காலியில் முதல் தடவையாக உட்கார்ந்தாள். அவர் கைக்கு அடியில் தன் கையை வைத்தாள். அவர் மூச்சு வெளியே போனபோது, "ஆ..." என்றாள்.

அவர் நெற்றிச் சுருக்கம் இளகியது.

"ஆவுடை அடுப்படியிலயா இருக்கா?"

அவள் கையை அழுத்தினாள்.

"அங்கனயே இருக்கட்டும். அவள உள்ள விட்டுராத... அன்னைக்கே உங்கிட்ட சொன்னம்லா. அவ சத்தம் கேட்டா எனக்குப் போவ மனசு வராது. ஒத்தையில விட்டுட்டுல்லா போறேன்."

இதுதானா அந்தக் குசுகுசு! ஆவுடையம்மாளுக்கு விம்மல் முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து உள்ளே தள்ளினாள். வளையல் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவர் கைக்கு அடியிலிருந்த கையின் வளையல்களை இன்னொரு கையால் முழங்கைவரை ஏற்றிவிட்டாள். பால் டம்ளரை அவள் எடுக்கவில்லை.

பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை. அந்தப் பிடி முழுக்க வேறொருத்திக்கு என்று தெரிந்தேதான் அவள் அதைத் தாங்கிக்கொண்டிருந்தாள். உங்களுக்கு வலி இல்லாமல் இருக்கட்டும். "ஆ..." நீங்கள் நிம்மதியாகப் போங்கள். "ஆ..." தெருவில் தபசு பார்க்கப் போகிற கூட்டம் இரைச்சலாய்ப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மூச்சு நீளமாக வெளியே போயிற்று. அவளும் கூடவே விட்டாள். அடுத்ததற்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்த சுகிர்தா வாசலிலேயே நின்றுவிட்டாள். கண் கலங்கிவிட்டது. "இத்தனை நாளு வந்துட்டு, கடைசி நேரத்துல இல்லாமப் போயிட்டனே அம்மா."

ஆவுடையம்மாள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். கையை இன்னும் எடுக்கவில்லை.

"நீ இருந்தட்டி. நாந்தான் இல்ல."