மாப்பிள்ளைக்கு ஒத்துக்காதது

மறுவீட்டு விருந்தில் பாயசத்தைக் குடித்து முடித்த சில நிமிடங்களில் ராஜவேல் தொண்டையைச் செருமினான். உடனே மறுபடியும் செருமினான். பரிமாறிக்கொண்டிருந்த எழிலரசி கணவனின் முகத்தைப் பார்த்தாள். உதடு தடித்திருந்தது. கழுத்தில் சிவப்புத் திட்டுகள்.

“அம்மா, முந்திரி போட்டியா?”

“ஒரு பருப்புகூடப் போடல. நீதான் படிச்சுப் படிச்சுச் சொன்னியே,” என்றாள் அமராவதி.

எழிலரசி அதற்குமேல் கேட்கவில்லை. ராஜவேலின் பையில் எப்போதும் ஒவ்வாமைக்கான ஊசிமருந்து இருக்கும். அதைப் போட, சிதம்பரத்து டாக்டர் இருவருக்கும் கற்றுக்கொடுத்திருந்தார். அவனைப் படுக்கவைத்து, கால்களைத் தலையணைமேல் தூக்கிவைத்து, வேட்டியோடு சேர்த்துத் தொடையில் குத்தினாள். பத்து நிமிடத்தில் மூச்சு சீரானது.

“பயமுறுத்திட்டீங்களே மாப்ள,” என்றார் மாமனார் கலியமூர்த்தி. பண்ருட்டியில் முப்பது வருஷமாக முந்திரி வியாபாரம் அவருக்கு. “முந்திரிக்காரன் வீட்டுக்கு முந்திரி ஆகாத மாப்ளன்னு ஊரே கிண்டல் பண்ணுது. சரி, ஒரு மாத்திரையப் போட்டுட்டுத் தூங்கட்டும். ராகு காலத்துல எங்க கெளம்புறது?”

“ஊசி கொஞ்ச நேரந்தாம்பா தாங்கும். திரும்ப வரலாம். வண்டிய எடுங்க.”

கடலூர் மருத்துவமனையில் படுக்கை கொடுத்தார்கள். முந்திரி இல்லையென்றால் புதிதாக வேறு ஏதோ ஒன்று ஒவ்வாமல் போயிருக்க வேண்டும், என்ன சாப்பிட்டார் என்று சரியாகத் தெரிய வேண்டும் என்றார் டாக்டர். எழிலரசி வராந்தாவில் உட்கார்ந்து, இலையில் இருந்த ஒவ்வொன்றையும் நினைத்துப் பார்த்தாள். பருப்பா, பாலா, கத்திரிக்காயா? எதுவென்று தெரியாமல் நாளைக்கு எதை நம்பி அவனுக்குச் சோறு போடுவது?

“மாப்ள ஒடம்புக்குள்ள என்னதான் எழிலு நடக்குது?” என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் அமராவதி.

எழிலரசி கல்லூரியில் விலங்கியல் நடத்துபவள். “தோலு, தொண்டை, குடல்னு எல்லா எடத்துலயும் மாஸ்ட் செல்லுன்னு ஒண்ணு இருக்கும்மா. அதுக்குள்ள பொட்டலம் பொட்டலமா ரசாயனம். அவுங்களுக்கு அந்தச் செல்லுமேல முந்திரிக்குன்னே ஆன்டிபாடி ஒட்டிக்கிட்டிருக்கு. முந்திரியில இருக்கிற புரதம் வந்து அதுல ரெண்ட ஒண்ணாப் புடிச்சுக்கிச்சுன்னா, அத்தனை பொட்டலமும் ஒரே நேரத்துல பிரிஞ்சு கொட்டிடும். ரத்தக்குழாய் கசியும், தொண்டை வீங்கும், பிரஷர் எறங்கிடும்.”

“எவ்ளோ முந்திரி வேணும் அதுக்கு?”

“கண்ணுக்குத் தெரியுற அளவுகூட வேணாம்.”

அமராவதி மகள் பக்கம் குனிந்து, “சீர்ல வைக்க நேத்து முந்திரி வறுத்தேன்ல. மிஞ்சின நெய்யக் கொட்ட மனசு வரல. திராட்சைய அதுலதான் பொரிச்சுப் பாயசத்துல போட்டேன்,” என்றாள்.

பக்கத்தில் நின்றிருந்த கலியமூர்த்தி குரலைத் தாழ்த்தினார். “வெளிய சொல்லாத. சம்பந்திக்குத் தெரிஞ்சா மாப்ளய இந்தப் பக்கமே அனுப்ப மாட்டாங்க.”

“டாக்டருக்குத் தெரிஞ்சாவணுங்க,” என்று அமராவதி எழுந்து உள்ளே போனாள்.

மூன்றாவது மணி நேரத்தில் ராஜவேலுக்குத் திட்டுகள் திரும்ப வந்தன. மூச்சில் விசில் போல ஒரு சத்தம். நர்ஸ் இரண்டடி தூரத்தில்தான் இருந்தார்; உடனே அடுத்த ஊசி போட்டார். ஆக்ஸிஜன் வைத்தார்கள். கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த கலியமூர்த்தி மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். “தூங்கச் சொன்னேனே பாப்பா,” என்றார்.

சாயங்காலம் சிதம்பரத்திலிருந்து ராஜவேலின் அம்மா ஞானாம்பாள் வந்து இறங்கினாள். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அமராவதி நெய் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். ஞானாம்பாள் மகனிடம் போய், நெற்றியைத் தொட்டு, மூச்சைக் கவனித்து, அதன் பிறகுதான் திரும்பினாள்.

“கோவம் வருதுங்க. வராம இருக்குமா?” என்றாள். “ஆனா நானும் ஒரு தடவ குருமாவுல இருந்த முந்திரி விழுதக் கவனிக்காம இவன ஐசியூ வரைக்கும் கொண்டுபோனவதான். அப்ப இத எங்க வூட்டுக்காரர்கிட்டகூடச் சொல்ற தைரியம் எனக்கு இல்ல.”

ராஜவேல் கண்ணைத் திறந்தான். “அத்தை, பசிக்குது.”

“என் கையால வேணாம் மாப்ள,” என்றாள் அமராவதி.

“டாக்டரக் கேட்டுட்டு நீங்களே ரசம் வைங்க,” என்றாள் ஞானாம்பாள். “நான் கூட வந்து பாத்திரம் தேய்ச்சுத் தரேன்.”