நேசபாயின் பேட்டரி

1

இந்தக் கதை எனக்குப் பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே கிடைத்தது. ஜஸ்டஸ் குவைத்தில் வயரிங் வேலையை முடித்துக்கொண்டு வந்ததும் பழைய வேன் ஒன்றை வாங்கினார். உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் அடித்தார். பேச்சிப்பாறை அணைக்கரையில் மனைவியோடு ஓர் இரவு தங்க வேண்டும் என்பது அவர் ஆசை.

அவர் மனைவி நேசபாய் என் சிநேகிதி. தூக்கத்தில் அவளுக்கு மூச்சு நின்று நின்று வரும். முகத்தில் மாட்டிக்கொள்ளும் மெஷின் ஓடினால்தான் தூங்கலாம். அதற்குக் கரண்ட் வேண்டும். அதனால் ஜஸ்டஸ், இஞ்சினுக்கு ஒரு பேட்டரி, மெஷினுக்கென்றே இன்னொன்று என்று பிரித்து...

(வயரிங்கை விவரிக்கப் பார்த்தேன். 'சிவப்பு ஒயர் நம்பிக்கையைப் போல' என்று எழுதி, வெட்கப்பட்டு அடித்துவிட்டேன்.)

2

முதல் பிரதியில் நேசபாயைப் பிடிவாதக்காரி ஆக்கியிருந்தேன். அநியாயம். அவள் பயந்தாள், அவ்வளவுதான்.

"பாதி ராத்திரி அது செத்துப்போச்சுன்னா நான் என்ன செய்ய?"

"சாவாது ஏட்டி. முதல்ல நம்ம முற்றத்துல ஒரு ராத்திரி கெடந்து பாரு. பிறவு சொல்லு."

3

டிசம்பர் மாதம். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கும். ஜஸ்டஸ் வேன் நெற்றியிலும் ஒன்றைக் கட்டினார். அன்றைக்கு நேசபாய் வேனில் படுத்தாள். மெஷின் விடியும்வரை ஓடியது.

"நல்லா ஒறங்கினேன் மக்கா" என்று காலையில் மதிலருகே வந்து சொன்னாள். அப்போது அவள் முகம்... வேண்டாம், எனக்கு எழுத வராது.

அணைக்கரைக்குப் புறப்பட ஜஸ்டஸ் சாவியைத் திருப்பினார். வேன் முனகக்கூட இல்லை. ஸ்டாரின் மஞ்சள் பல்பு இஞ்சின் பேட்டரியை இரவெல்லாம் குடித்துத் தீர்த்திருந்தது. இத்தனை வருஷம் வயரிங் செய்த மனிதர், ஸ்டாரைப் போயும் போயும் இஞ்சின் பேட்டரியில் கொடுத்திருக்கிறார்!

"ஏன் அண்ணா?" என்றேன்.

"அவளுக்க பேட்டரியில இருந்து ஒரு பொட்டுக் கரண்ட் எடுக்க மனசு வரல்ல."

(கதை எழுதுகிறவள் இங்கே அழக் கூடாது என்பார்கள். நான் அழுதேன்.)

4

முடிவு ஒன்று: நேசபாய் பயந்துபோய் வீட்டுக்குள் போகிறாள். எழுதிப் பார்த்துக் கிழித்தேன்.

முடிவு இரண்டு: மெக்கானிக் வருகிறார். அது யாருக்கு வேண்டும்?

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து இஞ்சினை எழுப்ப ஜஸ்டஸ் குனிந்தார். நேசபாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதத் தொடாண்டாம்."

"பின்ன வண்டி எப்பிடி ஓடும்?"

"தள்ளுங்க. இன்னைக்கு ராத்திரி அணைக்கரையில அது எனக்கு வேணும்."

ஜஸ்டஸ் ஒயரைச் சுருட்டி உள்ளே வைத்தார்.

(அடிக்குறிப்பு: இஞ்சின் ஓடினால் அந்தப் பேட்டரி தானாகவே நிறைந்துவிடும். ஜஸ்டஸுக்கு அது தெரியும். சொல்லவில்லை.)

5

நேசபாய் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். "கிளட்ச சவுட்டிக்கோ, நான் சொல்லும்போ விடு" என்கிறார் ஜஸ்டஸ். கேட்டைத் தாண்டினால் ரோடு இறக்கம். ஆனால் கேட் வாசலில் ஒரு சின்ன மேடு. ஜஸ்டஸும் நானும் தள்ளியும் வேன் அதில் ஏறவில்லை.

முடிவை நான் எழுத முடியாது. என் இரண்டு கையும் வேனில் இருக்கின்றன. நீங்கள் கதையை அங்கே வைத்துவிட்டு இப்படி வாருங்கள். அந்தப் பக்கம் பிடியுங்கள்.