நரைக்காத தலைமுடி

பித்தளையில் கலந்த ஈயத்தை ஒளி உறிஞ்சலைக் கணக்கிடும் கருவியில் அளக்கும் ஆய்வகம் அது. உலோகமே சேர்க்காத வெறும் கரைசல் பூஜ்யம் காட்ட வேண்டும். சில நாட்களாக அதிலும் ஈயம் தெரிந்தது. தலைமை வேதியியலர், அங்கேயே வேலை பார்த்த தன் மருமகளை எல்லார் முன்னிலையிலும் பிடித்துக்கொண்டார்.

"குடுவை கழுவற லட்சணமா இது? உங்கம்மா வீட்ல இதான் பழக்கமா?"

அவர் தலையைக் கோதிக்கொண்டு, தானே கழுவி, தானே கரைசல் செய்து வைத்தார். ஈயம் இரண்டு மடங்கானது.

"சார் கைராசி!" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

மருமகள் அவர் காதருகே வந்தாள். "மாமா, உங்க தலைச்சாயத்துல ஈயம் இருக்குன்னு பாட்டில்லயே போட்டிருக்கு. நீங்க தலையைத் தொட்டுக்கிட்டே இருக்கீங்க, அதே கையால குடுவையையும் எடுக்கறீங்க."

தன் வம்சத்தில் யாருக்கும் நரைத்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர். பேசாமல் இருந்துவிடலாம், பழி அவள் மேலேயே நிற்கும்.

"ஈயம் என் தலைச்சாயத்துலேர்ந்து வந்தது," என்றார் உரக்க. "இவ கழுவினதுல குறையில்ல. இவங்கம்மா வீட்டைச் சொன்னது என் தப்பு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.