யாரும் தேடாத முதலிடம்

காலையில் எழுந்ததும் சிலர் கண்ணாடியில் முகம் பார்ப்பார்கள். முதலாளி கம்ப்யூட்டரில் பார்ப்பார். பல் தேய்த்த ஈரம் காய்வதற்குள் ஆபீஸ் அறைக்குள் புகுந்து, 'ஒருங்கிணைந்த கழிவுநீர் மேலாண்மைத் தீர்வுகள்' என்று ஒற்றை விரலால் தட்டுவார். தேடலில் முதல் வரியாக அவருடைய கம்பெனி வெப்சைட் வந்து நிற்கும்.

"இன்னைக்கும் நாமதான் முதலிடம்!" என்று வீடு அதிர அறிவிப்பார்.

"போன் அடிச்சுதா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்பாள்.

அவர் அதே சொல்லை இன்னொரு முறை தட்டிப் பார்ப்பார்.

தொழிலில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. வீடுகளில் கக்கூஸ் அடைத்துக்கொண்டால் மெஷினும் பம்புமாக வேனில் ஆளை அனுப்பி அடைப்பை எடுத்துவிடுவதுதான். முன்பெல்லாம் கம்பத்துக்குக் கம்பம் ஸ்டிக்கர் ஒட்டியே வேலை பிடித்தார். நகராட்சி ஸ்டிக்கருக்குத் தடை போட்டது. ஜனங்கள் போனில் தேடி ஆளைக் கூப்பிடப் பழகிவிட்டார்கள். முதலாளியின் மூன்று வேன்களில் இரண்டு கொட்டகையில் படுத்துவிட்டன. போட்டிக்காரன் மொட்டை (தலையைப் பார்த்து ஊர் வைத்த பெயர்) அந்த இரண்டையும் விலைக்குக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தான்.

"மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள வேலை வரலைன்னா வேன் ரெண்டும் மொட்டைக்குத்தான். சும்மா நிக்கிற வேனுக்குக் காவல் இருக்க என்னால முடியாது" என்று மனைவி கெடு வைத்துவிட்டாள். கடைசி வரைக்கும் உடன் நின்ற வேலையாளும் அதற்குள் மொட்டையிடம் போய்ச் சேர்ந்திருந்தான்.

வெப்சைட் போட்டுக் கொடுத்தது மனைவியின் தம்பி. வீட்டில் அவனை 'மேதை' என்பார்கள். போன வேலையை எல்லாம் 'எனக்கு அது சின்ன இடம்' என்று உதறிவிட்டு அக்கா வீட்டு சோபாவில் நிரந்தரமாகிவிட்டவனை வேறு என்னவென்று அழைப்பது?

"எல்லாம் கீவேர்டுலதான் இருக்கு மாமா. ஜனங்க எந்தச் சொல்லைத் தட்டினா நாம வந்து நிக்கணும்னு நாமதான் முடிவு பண்ணணும்" என்றான்.

முதலில் அவன் முடிவு பண்ணிய சொல் 'தண்ணீர்'. "தண்ணி இல்லாம உலகத்துல யாராவது இருக்காங்களா மாமா? அத்தனை பேரும் நம்ம கஸ்டமர்!" அந்தச் சொல்லுக்கு விளம்பரமும் கொடுத்தார்கள். போன் அடித்தது உண்மைதான். ஒருவர் கேன் தண்ணீர் கேட்டார். ஒரு அம்மா பையனுக்கு நீச்சல் சொல்லித் தருவீர்களா என்றாள். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை தண்ணீரைச் சேமிப்பது பற்றிய கட்டுரைக்கு நாலு பாயிண்ட் கேட்டு, கொடுக்கும்வரை போனை வைக்கவில்லை.

"பொதுவான சொல்லுல போட்டி ஜாஸ்தி மாமா. யாருமே தொடாத சொல்லாப் பிடிப்போம்" என்று கட்சி மாறினான் மேதை. பிடித்தும் விட்டான். யாருமே தொடாத சொல்தான், தேடுகிறவர்களும் தொடவில்லை. ஒற்றை ஆள் ஓடுகிற பந்தயத்தில் தினமும் கோப்பை வாங்கிக்கொண்டிருந்தார் முதலாளி.

"ஜனங்க எப்படிப் பேசுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? நான்தானே போன் எடுத்தேன்? 'அக்கா, கக்கூஸ் அடைச்சுக்கிச்சு, சீக்கிரம் ஆள் அனுப்புங்க'ன்னு அலறுவாங்க. ஒருங்கிணைந்த தீர்வு வேணும்னு ஒருத்தராவது கேட்டிருக்காங்களா?" என்றாள் மனைவி.

"அக்கா, உனக்கு பிராண்டிங் புரியாது."

"மூணு வேளையும் என் சோத்துலதானேடா பிராண்டிங் பண்ற? புரியாம இருக்குமா?"

முதலாளி மச்சினன் பக்கம்தான். கக்கூஸ் என்ற சொல்தான் அவருக்கு இத்தனை நாள் சோறு போட்டது. ஆனால் மகளுக்குப் பெரிய இடத்துச் சம்பந்தம் கூடிவந்ததிலிருந்து, அந்தச் சொல் காதில் விழுந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளையின் அப்பா ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர். அவரிடம் "நீர் மேலாண்மைத் துறையில இருக்கேன்" என்று சொல்லிவைத்திருந்தார். அவரும் ஏதோ அணை கட்டுகிறவர் என்று எண்ணி மரியாதையாகத் தலையாட்டினார். முதலாளி அந்தத் தலையாட்டலைக் கலைக்க விரும்பவில்லை.

"மொட்டையோட வெப்சைட்டைப் பார்த்தியா? மஞ்சள்ல சிவப்பு எழுத்து. 'கக்கூஸ் அடைப்பா? இதோ வர்றோம்!' த்தூ! மானம் உள்ளவன் போடுவானா?" என்றார்.

"மானம் நம்மகிட்ட நிறைய இருக்கு. அதை ஊத்தி வேன் ஓட்டுங்க" என்றாள் மனைவி.

அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணத் தேதி பேசச் சம்பந்தி வீட்டுக்குப் போனார்கள். மேதையும் புதுச் சட்டையில் ஒட்டிக்கொண்டான். சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, முதலாளி நாட்டின் நீர்வளத்தைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். கொல்லைப் பக்கமிருந்து சம்பந்தியம்மா புடவையைத் தூக்கிப் பிடித்தபடி வந்தாள்.

"என்னங்க, மறுபடியும் கக்கூஸ் அடைச்சுக்கிச்சு. தண்ணி நிலைப்படி வரைக்கும் வந்துடுச்சு!"

பேராசிரியர் போனை வாயருகே பிடித்தார். மேடையேறினால் தூய தமிழ் தவிர வேறு பேசாத மனிதர். இப்போது கூடமே கேட்க, "கக்கூஸ் அடைப்பு, பக்கத்துல, உடனே" என்றார். திரையில் மஞ்சளும் சிவப்புமாக மொட்டை வந்து குதித்தான்.

மனைவி புருஷனின் முழங்கையில் இடித்தாள். "சொல்லுங்க" என்றன அவள் கண்கள். 'நம்ம வேனையே கொண்டு வர்றேன்' என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் தேவை. முதலாளி மின்விசிறியின் இறக்கைகளை எண்ணத் தொடங்கினார். இறக்கை மூன்றுதான். ஆனாலும் எண்ணி முடியவில்லை.

மேதை அவர் காதில் கிசுகிசுத்தான்: "கவலைப்படாதீங்க மாமா. இவரு நம்ம டார்கெட் ஆடியன்ஸ் இல்ல."

மொட்டையின் வேன் சீக்கிரமே வந்துவிட்டது. மெஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கியவன் வேறு யாருமில்லை, முதலாளியிடம் வேலை பார்த்தவன்தான். கூடத்தில் அவரைப் பார்த்ததும் மெஷினை அப்படியே கீழே வைத்துவிட்டான்.

"அட, முதலாளி! நீங்க இருக்கிற வீட்டுக்கு எங்களை எதுக்குக் கூப்பிட்டாங்க? கக்கூஸ் அடைப்பெடுக்கிறதுல உங்களை அடிச்சுக்க ஆளே கிடையாதே!"



"சம்பந்தி… நீங்க அணை…" என்று இழுத்தார் பேராசிரியர்.

"அணை இல்லீங்க, அடைப்பு" என்றாள் மனைவி.

சம்பந்தியம்மாவுக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போன மாசமும் இப்படித்தான் ராத்திரி முழுக்க நாறினோம். கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கோம்! இதைச் சொல்றதுக்கு என்ன வெட்கம்?"

"உங்க வெப்சைட்டை நானே ரெண்டு தடவை படிச்சேன் சம்பந்தி" என்றார் பேராசிரியர் பரிதாபமாக. "முப்பது வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்தவன் நான். என்ன தொழில்னு எனக்கே விளங்கலை."

யார் முன்னால் மானம் போகும் என்று அந்தச் சொல்லை ஒளித்தாரோ, அவர்களே அதைச் சொல்லித்தான் ஆள் தேடினார்கள். ஒளித்துவைத்ததில் மிச்சமானது மொட்டைக்கு ஒரு வேலை. கல்யாணத் தேதி அன்றே குறிக்கப்பட்டது. அடைப்பு எடுத்த பிறகு.

வீடு திரும்பியதும் மனைவி நாற்காலியைக் கம்ப்யூட்டர் முன்னால் இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்க. சம்பந்தி போன்ல என்ன சொன்னாரோ அதையே எழுத்துக்கு எழுத்து போடுங்க. நம்ம வேன் எந்தெந்தப் பேட்டைக்குப் போகுமோ, அந்தப் பேரையும் சேர்த்துப் போடுங்க."

"மாமா, அட்லீஸ்ட் 'கழிப்பறை'ன்னாவது…" என்று ஆரம்பித்தான் மேதை.

"காலடியில தண்ணி வந்தா தமிழ்ப் பேராசிரியருக்கே அந்தச் சொல் வரலை. நீ வாயை மூடு!"

முதலாளி 'க'வைத் தட்டிவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மிச்சத்தையும் தட்டினார்.

வெப்சைட் முதலிடத்துக்கு ஒன்றும் பறந்துவிடவில்லை. மொட்டைக்குக் கீழே, இன்னும் இரண்டு பேருக்குக் கீழே, நான்காவதாக வந்து ஒண்டிக்கொண்டது. ஆனால் போன் அடித்தது. பழக்க தோஷத்தில் முதலாளி "வணக்கம், ஒருங்கிணைந்த…" என்று தொடங்கினார். "யோவ், கக்கூஸ் அடைச்சுக்கிச்சுய்யா!" என்று மறுமுனை அலறியது. "வர்றேன், வர்றேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு அவரே ஓடினார்.

மாசக் கடைசியில் மொட்டையின் ஆள் வேன்களை எடுத்துப்போக வந்தான். மற்ற இரண்டும் புது ஆட்களோடு வேலைக்குப் போயிருந்தன, கொட்டகையில் ஒன்றுதான் நின்றது. அதையும் முதலாளி கண்ணெதிரே ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்.

"வேலைக்குப் போகுது. உங்க முதலாளிகிட்ட ஒண்ணு சொல்லு. ஜனங்க பேசற சொல்லைப் பிடிக்கணும்ப்பா, அதுதான் தொழில் ரகசியம். நான் ஆரம்பத்துலேருந்தே இதைத்தான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன்" என்று ஜன்னல் வழியே உபதேசம் செய்தார்.

மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மேதை, 'கீவேர்டு ஆலோசகர்' என்று தனக்கு விசிட்டிங் கார்டு அடிக்கக் கொடுக்க எழுத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உள்ளே போய், அடுத்த போனை எடுத்தாள்.