கடல்மேல் வழுக்குமரம்

ஸ்பானிய மொழி வகுப்பில் சேர்ந்து மூன்று வாரமாகியும் துலிக்கி வாயைத் திறக்கவில்லை. எழுத்துத் தேர்வில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஸ்பானிய வினைச்சொல்லுக்கு ஆளுக்கொரு விகுதி, காலத்துக்கொரு விகுதி, போதாக்குறைக்கு ஆசைக்கும் சந்தேகத்துக்கும் தனி விகுதி. பின்லாந்தில் பாலம் கட்டும் எஞ்சினியரான அவள் அத்தனையையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிவிடுவாள். பேசச் சொன்னால் மட்டும் காது சிவந்துவிடும். “காலையில என்ன சாப்பிட்டே?” என்று கேட்டால், பதிலை எழுதிக் காட்டுவாள்.

அவளுக்கு நேர் எதிர் டெக்லன். அயர்லாந்தில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சரியான ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. வாய் மூடியதும் இல்லை. எங்கள் பள்ளி இருக்கும் சாந்தாந்தேர் நகரத்து பார்களில் பாதிப் பேர் அவருக்குச் சிநேகிதர்கள்.

நான் நீவெஸ், இவர்களுடைய ஆசிரியை. சனிக்கிழமைகளில் மாணவர்களைப் பண்பாட்டுச் சுற்றுலா கூட்டிப்போவதும் என் தலையில்தான். அந்த வாரம் பஸ்ஸை என் சொந்த ஊருக்கே விடச் சொன்னேன். மீன்பிடித் துறைமுகம் அது. நெத்திலியை உப்பில் பதப்படுத்தி டப்பாவில் அடைக்கும் ஆலை ஒன்று அங்கே உண்டு. மீனவர்களின் புனிதரான இராயப்பரின் திருநாளானாலும் காலையில் வேலை நடக்கும், தாராளமாக வரலாம் என்று மேலாளர் போனில் சொல்லியிருந்தார்.

போய்ப் பார்த்தால் ஆலை வாசலில் பூட்டு. காவல்காரர் நாற்காலியில் சாய்ந்து முலாம்பழம் தின்றுகொண்டிருந்தார்.

“இராயப்பர் திருநாளும் அதுவுமா எவ வந்து நெத்திலி உரிப்பா? மேலாளரே பந்தல்ல ஆடிக்கிட்டிருக்காரு. நீ இந்த ஊர்ப் பொண்ணுதானே, உனக்கே தெரியாதா?”

பன்னிரண்டு வெளிநாட்டவர் வெயிலில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேறு வழியில்லை. சத்தம் வந்த திசையில் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

துறைமுகமே தலைகீழாக இருந்தது. படகுகளில் காகிதத் தோரணம், சுவரோரம் சுட்ட மத்தி மீன் வாசனை, ஊரே கரையில். துறைமுக மேடையின் விளிம்பிலிருந்து கடல்மேல் நீட்டியிருந்தது வழுக்குமரம். மாட்டுக் கொழுப்பும் சோப்பும் குழைத்துத் தடவிய நீண்ட மரம். அதன் நுனியில் ஒரு சிவப்புக் கொடி. மரத்தின்மேல் நடந்து போய்க் கொடியைப் பிடுங்குகிறவருக்கு உப்பிட்டு உலர்த்திய முழுப் பன்றித்தொடை பரிசு. மைக் வைத்திருந்தவன் சாத்துர், என் பெரியப்பா மகன். மீசை முளைத்த நாளிலிருந்து அந்த மைக்கை அவன் யாருக்கும் கொடுத்ததில்லை.

“அடடே, நம்ம நீவெஸ் வாத்தியாரம்மா வெள்ளாட்டு மந்தையோட வந்திருக்கா. வாங்க வாங்க, பாக்குறதும் இனாம், விழுறதும் இனாம்.”

டெக்லன் அழைப்புக்குக் காத்திருக்கவில்லை. சட்டையைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு ஏறினார். ஏறிய வேகத்திலேயே காணாமல் போனார். தண்ணீரிலிருந்து தலையை நீட்டி, “ஊருக்கு நன்றி, மேயரின் மனைவிக்கு நான் கர்ப்பம்” என்றார். மிக்க மகிழ்ச்சி என்று சொல்ல நினைத்தாராம். கரை குலுங்கியது.

சாத்துர் அடுத்து துலிக்கி பக்கம் திரும்பினான்.

“ஏம்மா தங்கச்சி, உன் பேரையும் சேத்துக்கிறேன். ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே?”

அவள் காது சிவந்தது. வேண்டாம் என்று சொல்வதாக நினைத்து, நாங்கள் யாரும் கேட்டிராத அவள் குரலில், தெளிவாக, “இல்லை” என்றாள்.

“ஆட்சேபணை இல்லையாம். கைதட்டுங்கப்பா.”

நான் குறுக்கே போவதற்குள் நெத்திலி ஆலைப் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் செலோ என்பவள் ஆளும் பெரிது, குரலும் பெரிது. “நீச்சல் தெரியுமாடி?” என்று கையால் நீந்திக் காட்டினாள். துலிக்கி தலையாட்டினாள். அவ்வளவுதான், செருப்பு ஒருத்தி கையில், கண்ணாடி இன்னொருத்தி கையில், துலிக்கி மரத்தின்மேல்.

பாலத்தை அளப்பவள்போல் முழங்காலை மடக்கி, அடிமேல் அடி வைத்து அழகாகத்தான் போனாள். பாதி தூரத்தில் இரண்டு காலும் இரண்டு திசைக்குப் போக, தொபுக்கடீர்.

மேலே வந்தாள். வாயிலிருந்த கடல்நீரைத் துப்பினாள். பிறகு பேசினாள்.

“சோப்பு அதிகம். நீ சோப்பு நடுவில் கொட்டுதல். நான் பார்த்தல். நீ திருடன்.”

சாத்துர் மைக்கை வாயிலிருந்து இறக்கினான். நான் பார்த்த வரையில் அதுதான் முதல் தடவை. மூன்று வாரம் பேனா நுனியில் வரிசைகட்டி நின்ற விகுதிகளில் ஒன்றுகூட அவளோடு தண்ணீருக்கு வரவில்லை. யாருக்கு அது வேண்டும்? நான் கைதட்டினேன்.

“புள்ள சொல்றது நெசந்தானே சாத்துர்?” என்றாள் செலோ. “நடுவுல ஒரு வாளி கவுத்தியே, நாங்களும்தான் பாத்தோம்.”

“விதியில அதெல்லாம் உண்டு” என்று முனகினான்.

“நான் மறுபடி ஏறுதல்” என்றாள் துலிக்கி, ஏணியைப் பிடித்துக்கொண்டு.

பழக்க தோஷம், நான் கரையிலிருந்து கத்திவிட்டேன்: “ஏறுவேன்.”

“என்ன?”

“ஏறுவேன்னு சொல்லணும்.”

“ஏறுவேன்னு சொல்லுடி தங்கம்” என்று செலோ எடுத்துக் கொடுக்க, ஆலைப் பெண்கள் பிடித்துக்கொள்ள, படகிலிருந்த கிழவர்களும் சேர்ந்துகொள்ள, துறைமுகம் முழுக்க “ஏறுவேன், ஏறுவேன்” என்று கோரஸ் போட்டது.

“ஏறுவேன்” என்றாள் துலிக்கி. ஏறினாள். விழுந்தாள்.

உள்ளூர்ப் பையன்களும் வரிசையாக ஏறி வரிசையாக விழுந்தார்கள். கொடி அசையவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் துலிக்கி விழுந்து எழுந்து ஒரு வாக்கியம் சொன்னாள், ஊர் திருத்தியது. “நேற்று நான் உலர்ந்து இருத்தல்.” “இருந்தேன்!” “என் அம்மா இதைப் பார்த்தால் அழுதல்.” அதற்கு எந்த விகுதி என்று கசாப்புக் கடைக்காரருக்கும் பாதிரியாருக்கும் சண்டையே வந்துவிட்டது. இரண்டு பேர் சொன்னதும் தப்பு. நான் திருத்தவில்லை, சிரிப்பில் எனக்கு மூச்சு நின்றிருந்தது. செலோ அவள் காதில் எதையோ ஓத, அடுத்த முறை விழுந்தபோது அவள் சொன்ன வார்த்தையை நான் இங்கே எழுத முடியாது. விகுதி மட்டும் சுத்தமாக இருந்தது.

கடைசிச் சுற்றுக்கு முன் செலோ அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“இங்க பாரு. நிக்கணும்னு நெனைக்காதே. எப்படியும் விழத்தான் போறே. முன்னாடி பாத்து விழு. ஓடு.”

துலிக்கி ஓடினாள். கையை விரித்து, தலைமுடி கண்ணை மறைக்க, ஆலைச் சங்குபோல் கூவிக்கொண்டு ஓடினாள். கால் வழுக்கியது, ஆனால் ஓடிய வேகம் அவளை முன்னால் தள்ளியது. வயிற்றால் மரத்தின்மேல் மீன்போல் சறுக்கிக்கொண்டு போய், கீழே விழும் கணத்தில் கையை வீசினாள். தண்ணீர் மூடியது. பிறகு சிவப்புக் கொடி மேலே வந்தது, அதற்கப்புறம்தான் துலிக்கி.

எப்போது குதித்தேன் என்று எனக்குத் தெரியாது. கைப்பையோடு கடலில் கிடந்தேன். பக்கத்தில் டெக்லன். கொடியை எங்கள் தலைமேல் ஆட்டிக்கொண்டு துலிக்கி ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். காது நிறைய தண்ணீர், ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை.

பரிசு கொடுக்கும்போது சாத்துர் மரியாதைக்காக மைக்கை அவள் வாய்க்கருகே நீட்டினான். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். தன் ஊர், அந்த ஊர்க் குளிர், பாலங்கள், முன்னாள் காதலன், அவனுடைய நாய், எல்லாவற்றையும் சொன்னாள். “குடும்மா, போதும்மா, அடுத்து மேயர் பேசணும்” என்று அவன் பின்னாலேயே கெஞ்சினான். “மேயர் காத்திருத்தல்” என்றாள். “காத்திருப்பார்” என்றது ஊர். மேயரும் சேர்ந்துதான் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் உப்பும் கொழுப்பும் நாறியது. டிரைவருடைய பேனாக்கத்தியால் பன்றித்தொடையைச் சீவி எல்லாரும் கையாலேயே தின்றோம். முன் இருக்கையில் உட்கார்ந்து துலிக்கி டிரைவருக்குத் தன் அத்தைகளின் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். சாந்தாந்தேருக்குத் திரும்ப வேண்டிய முனை எங்களைக் கடந்து போனது. நான் பார்த்தேன், டெக்லனும் பார்த்தார். கதையில் மூன்றாவது அத்தைக்கு அப்போதுதான் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் யாரும் டிரைவரிடம் சொல்லவில்லை.