சுண்ணாம்பு காய்வதற்குள்

கொத்தனார் சுப்பிரமணி, கம்மோடு உட்காரப்போகும் இடத்தைப் புதுக் கக்கூஸின் தரையில் சாக்பீஸால் குறித்தபோது, சைதா அடுப்படி வாசலில் நின்று அரிசி களைந்துகொண்டிருந்தாள். கோட்டைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அந்தக் கோட்டின்படி உட்காருகிறவர் நேராக மேற்கே பார்த்து உட்காருவார். மேற்கே கிப்லா. தொழும்போது எந்தத் திசையை நோக்கி நெற்றியைத் தரையில் வைக்கிறோமோ, அந்தத் திசைக்கு முகத்தையோ முதுகையோ காட்டிக் கக்கூஸில் உட்காரக் கூடாது என்பது அவர்கள் குடும்பத்தில் நடை பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். அடுப்படியை ஒட்டிய நடையில் ஐந்து வேளையும் பாய் விரிக்கிறவளுக்கு, இந்த வீட்டில் மேற்கு எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுப்பிரமணியைக் கூப்பிட வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அரிசியை இன்னொரு தண்ணீர் களைந்தாள்.

அவள் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் அந்த அறையின் மூலையிலேயே சாக்கு போர்த்தி உட்கார்ந்திருந்தது. மூடிப்போன ஒரு ஸ்டீல் கம்பெனியின் விருந்தினர் மாளிகையை இடித்தபோது அவள் புருஷன் அஸ்கர் அலி எடுத்துவந்த கம்மோடு. "ஜப்பான் எஞ்சினியரு உக்காந்தது" என்று அவர் அதை அறிமுகம் செய்துவைத்தார், ஏதோ சம்பந்தி வீட்டாரைச் சொல்வதுபோல. அந்த எஞ்சினியர் எழுந்து போன பிறகு யார் யார் உட்கார்ந்தார்கள் என்று சைதா கேட்டாள். அவர் சாக்கை இழுத்துச் சரியாகப் போர்த்தினார்.

அஸ்கர் அலிக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட் போகிற சாலையில் காயலான் கடை. நிக்காஹ் முடிந்து பழவேற்காட்டிலிருந்து இந்த வீட்டுக்குள் காலடி வைத்த நாளிலிருந்து சைதா புழங்கியதெல்லாம் அந்தக் கடை வழியாக வந்ததுதான். படுத்த கட்டில் ஓர் ஆஸ்பத்திரி ஏலத்தில் வந்தது. கால்மாட்டில் வார்டு எண் அழியாமல் இருந்தது. அவளுடைய கல்யாணப் பட்டு, கதவில் சிவப்பு எழுத்தில் 'தீயணைப்புக் கருவிகள்' என்று எழுதிய இரும்பு பீரோவுக்குள் இருந்தது. சாப்பிடும் தட்டில் ஏதோ கம்பெனி கேன்டீனின் பெயர். எதற்கும் அவள் குறை சொன்னதில்லை. எல்லாம் கெட்டியான சாமான், அது உண்மை. ஆனால் யாரோ வேண்டாம் என்று கைகழுவிய பிறகே ஒரு பொருள் தன் கைக்கு வருகிறது என்ற நினைப்பு, பல்லிடுக்கில் சிக்கிய நார் போல, வலிக்கவும் வலிக்காது, போகவும் போகாது.

இரண்டு வருடமாக முழங்கால் மடங்க மறுத்தது. குத்துக்கால் போட்டு உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வாரம்தான் செங்குன்றத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கே புது பாத்ரூமில் வெள்ளை வெளேரென்று ஒரு கம்மோடு. மூடியில் கம்பெனி ஸ்டிக்கரைக்கூடத் தங்கச்சி இன்னும் கிழிக்கவில்லை. சைதா கதவைத் தாழிட்டுக்கொண்டு, உட்காருவதற்கு முன் அதைத் தொட்டுப் பார்த்தாள். ஊருக்குத் திரும்பியதும் அஸ்கர் அலியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். புதுசாக, கடையிலிருந்து அட்டைப்பெட்டியோடு வர வேண்டும். அவரும் சரி என்றார். சீனாக்காரன் இரும்பைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டிருந்த காலம். அவருக்கு அது பெரிய காரியமே இல்லை.

இடையில் விருது வந்து கெடுத்தது.

ஆதிகேசவன் என்று ஒருவர், ஒரு ரசாயன ஆலையில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய உத்தியோக காலம் முழுக்க ஆலைக்குப் பின்னால் ஓடிய கால்வாய் ஒவ்வொரு கிழமைக்கு ஒவ்வொரு நிறமாக இருந்தது. பென்ஷன் வந்த மறுமாதம் அவருக்கு இயற்கையின் மேல் இரக்கம் சுரந்து, ஒரு பசுமை மன்றம் தொடங்கினார். விழா என்றால் விருது வேண்டும், விருது என்றால் வாங்க ஆள் வேண்டும், ஆள் என்றால் பந்தல் செலவை ஏற்கக்கூடியவராக இருந்தால் நல்லது. அஸ்கர் அலி பாய்க்கு 'மறுபயன்பாட்டுச் செம்மல்' என்று பட்டம் கொடுத்துச் சால்வை போர்த்தினார்கள். அதுவரை அவர் விற்றது ஓட்டை உடைசல். அன்று சாயங்காலத்திலிருந்து அது பூமியைக் காக்கும் பணியாகிவிட்டது. கடைப் பலகையைக்கூட மாற்றி எழுதினார். வீட்டில் ஒரு முன்மாதிரிக் குளியலறை கட்டிக் காட்டுங்கள், திறப்புவிழா வைக்கலாம் என்று ஆதிகேசவன் சொன்னபோது, மனைவிக்குக் கொடுத்த வாக்கு சால்வைக்கு அடியில் எங்கேயோ மாட்டிக்கொண்டது.

பழைய கக்கூஸை இடித்தார்கள். அனல்மின் நிலையச் சாம்பலில் வார்த்த கல்லில் சுவர் எழும்பியது. கடுக்காய் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புப் பூச்சு. தரைக்கு, டைல்ஸ் கடைகளில் தள்ளிவிட்ட உடைந்த துண்டுகள். கதவு, இடித்த அரிசி மில்லின் தேக்கு. தண்ணீர்த் தொட்டி ஒரு நீலப் பீப்பாய். அதன் மேலிருந்த மண்டையோட்டுப் படத்தைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். ஜன்னல் ஒரு கழித்துப்போட்ட பஸ்ஸிலிருந்து வந்தது. அதன் மேல்சட்டத்தில் 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' என்ற எச்சரிக்கை எழுத்துக் கெடாமல் இருந்தது. குளிக்கிறவர்களுக்கு அது அவசியமான அறிவுரைதான். எல்லாவற்றுக்கும் ஆதிகேசவன் வரைபடம் போட்டிருந்தார். அஸ்கர் அலி வரைபடத்தைப் பார்த்தார், சுப்பிரமணியும் வரைபடத்தைப் பார்த்தான். தரையைப் பார்த்தவள் சைதா ஒருத்திதான்.

சாக்பீஸ் கோட்டைப் பார்த்த அந்த ஒரு கணத்தில் அவளுக்கு எல்லாம் கண்முன் வந்துவிட்டது. இன்றைக்குச் சொன்னால் கோட்டைத் துடைத்துவிட்டு, ஜப்பான்காரனை வடக்கே பார்த்து உட்கார வைப்பார்கள். சொல்லாவிட்டால் சிமென்ட் போட்டு இறுக்குவார்கள். பிறகு என்றாவது ஒருநாள் புருஷன் உள்ளே போய் உட்கார்ந்து நிமிர்ந்து பார்ப்பார். பெயர்த்துத்தான் ஆக வேண்டும். சிமென்டில் இறுகிய பீங்கானைப் பெயர்த்தால் முழுசாக வராது. உடையும். உடைந்தால் புதுசு. அன்று இரவு இஷா தொழுகை முடிந்து கையேந்தியபோது மற்ற வேண்டுதல்களோடு இதையும் மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள். தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டேன், ஒரு கம்மோடுக்காக, மன்னித்துவிடு என்று. கேட்கும்போதே வெட்கமாக இருந்தது. ஆண்டவனிடம் போய் என்னத்தைப் பேசுவது என்று ஒரு அளவு இல்லையா.

அந்த வெட்கத்துக்கு அவள் முழங்காலும் தண்டம் கட்டியது. சுண்ணாம்பு நன்றாகக் காய்கிறவரை, திறப்புவிழா வரை, யாரும் உள்ளே புழங்கக் கூடாது என்பது ஆதிகேசவன் உத்தரவு. அஸ்கர் அலிக்குக் கடை இருந்தது, பள்ளிவாசல் இருந்தது. சைதா தெருவைக் கடந்து கங்கம்மா வீட்டுக்கு நொண்டிக்கொண்டு போய் வந்தாள். "ஊட்ல அரமண மாரி கட்டி வச்சிக்கினு இங்க இன்னாத்துக்குமா வர்ற?" என்றாள் கங்கம்மா. சுண்ணாம்பு காயவில்லை என்றாள் சைதா. "எங்க வூட்டுக்காரரு மனசு காஞ்ச நேரத்துக்கு அது காயலியா" என்று கங்கம்மா பக்கெட்டை நகர்த்திக் கொடுத்தாள்.

திறப்புவிழா அன்று பின்கட்டில் ஷாமியானா. கக்கூஸ் வாசலில் ரிப்பன். மன்றத்து ஆட்கள், ஒரு கல்லூரிக் கூட்டம், பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி மொஹசின் பாய், எல்லோருக்கும் நன்னாரி சர்பத். ஆதிகேசவன் மைக்கைப் பிடித்தார். முதலில் உலகம் வெப்பமாவதைப் பற்றிச் சொன்னார். ஷாமியானாவுக்குக் கீழே இருந்தவர்களுக்கு நிரூபணம் தேவைப்படவில்லை. பிறகு குளியலறைக்கு வந்தார். இதில் ஒவ்வோர் அங்குலத்திலும் சிந்தனை இருக்கிறது என்றார்.

"இருக்கைய ஏன் இப்படி வெச்சோம்? உக்காந்தா நேரா மேற்கு. மாலை வெயில் முகத்துல விழும், வைட்டமின் டி. அஸ்தமனத்தைப் பாத்துக்கிட்டே இயற்கையோட ஒன்றலாம்."

கை தட்டினார்கள். சால்வையோடு நின்றிருந்த அஸ்கர் அலியும் இரண்டு தட்டுத் தட்டினார். மூன்றாவதில் கைகள் சேராமல் நின்றன. அவர் தலை மெல்லக் கம்மோடு பக்கம் திரும்பியது, பிறகு மொஹசின் பாய் பக்கம், கடைசியாகச் சைதா பக்கம். மொஹசின் பாய் சர்பத் டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். இதைப் பயன்படுத்தப்போகும் தாய்க்குலம் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று ஆதிகேசவன் மைக்கைச் சைதாவிடம் நீட்டினார்.

இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு வாக்கியம் போதும். ஆனால் புருஷனுடைய முகம், எல்லோர் முன்னாலும் கடைத் தராசு தப்பு எடை காட்டிய அன்றைக்கு இருந்ததுபோல் இருந்தது.

"நா இன்னும் உள்ள போவலிங்க. சுண்ணாம்பு காயணும்னாங்க" என்றாள். அதற்கும் கை தட்டினார்கள்.

எல்லோரும் கலைந்தபோது மொஹசின் பாய் செருப்பை மாட்டிக்கொண்டே, பொதுவாக யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். "அலி பாய், காயறதுக்குள்ள திருப்பிடுங்க."

ஷாமியானாவை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். இரவு அஸ்கர் அலி சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அது எவ்வளவு மடித்தாலும் வழுக்கி விரிந்தது.

"உனுக்கு எப்பத் தெரியும்?"

"கோடு போட்டப்பவே."

"சொல்லக்கூடாதா சைதா? ஊரக் கூட்டி..." சால்வையை மறுபடி மடித்தார். "ஏன் சொல்லல?"

"சொல்லிருந்தா திருப்பி வச்சிருப்பீங்க."

"ஆமா. அதுக்கு இன்னா?"

"பேத்தெடுக்கும்போது ஒடஞ்சா புதுசு வாங்குவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் பார்வை அவளை விட்டு, பின்னாலிருந்த பீரோவுக்குப் போய், அதிலிருந்த சிவப்பு எழுத்தை முதல்முறையாகப் படிப்பதுபோல் படித்தது. பிறகு விளக்கை அணைக்கச் சொன்னார்.

காலையில் சுப்பிரமணி உளியும் சுத்தியுமாக வந்தான். சைதா அடுப்படியில் ஒவ்வோர் அடியையும் காதால் எண்ணாமல் எண்ணிக்கொண்டு வெங்காயம் நறுக்கினாள். சிமென்ட் உதிரும் சத்தம் மொத்தையாக வந்தது. பீங்கான் உடைந்தால் வேறு மாதிரி, கணீரென்று வரும். அது வரவில்லை. கடைசியில் இரண்டு பேர் மூச்சைப் பிடித்துத் தூக்கும் சத்தம். அவள் வெளியே வந்தாள். கம்மோடு முற்றத்தில், வெயிலில், முழுசாக நின்றது.

"பாத்தியா, ஒரு கீறல் இல்ல..." என்று தொழில் பழக்கத்தில் ஆரம்பித்த அஸ்கர் அலி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறந்ததிலிருந்து நல்ல சாமான் ஒன்றைக்கூட வீணாக்கத் தெரியாத கை. அந்தக் கை ஒருமுறை சுத்தியலை எடுத்தது, பாரம் பார்த்தது, கீழே வைத்தது.

"பாய்ம்மா, நீ சொல்லு. வடக்கயா தெக்கயா, எந்தப் பக்கம் பாத்து வெக்கட்டும்?" என்றான் சுப்பிரமணி.

"இருப்பா" என்றாள் சைதா.

அஸ்கர் அலி கடைக்குப் போன் போட்டு மூன்று சக்கர மீன்பாடி வண்டியை வரவழைத்தார். கம்மோடை நிமிர்த்தி ஏற்றினார். கயிறு கட்ட நேரமில்லாதவர்போல் தானும் ஏறி, அதன் தோளில் கை போட்டு உட்கார்ந்துகொண்டார். சுப்பிரமணி பீடி பற்றவைத்தான். வண்டி தெருவில் இறங்கி நொடிக்கு நொடி குலுங்கியது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் கம்மோடின் மூடி திறந்து திறந்து மூடியது. கங்கம்மா வீட்டு வாசலில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

தெருமுனையில் வண்டி நின்றது. அங்கிருந்து இடது கைப்பக்கம் திரும்பினால் கடை. வலது கைப்பக்கம் ஹைவே, அட்டைப்பெட்டியோடு புதுச் சாமான் விற்கிற கடைகள், செங்குன்றம் போகிற வழி. கம்பி ஏற்றிய டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. வண்டிக்காரன் பெடலில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு எந்தப் பக்கம் என்று தலையைத் திருப்பிக் கேட்டான். அஸ்கர் அலி மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.