ஓரக்கோட்டுக்கு அப்பால்

திங்கட்கிழமை ஆட்டம் கிடையாது. அதனால் திங்கட்கிழமைகளில் எங்கள் ஊர்ப் பூங்காவின் கிழக்கு மூலையில், லாரல் மரத்தடியில், பேஸ்பால் பேச்சு நடக்கும். சூடான மூலை என்று பெயர். காலை ஒன்பதுக்குத் தொடங்கினால், வெயில் பெஞ்சுக்கு வந்து சேரும்வரை அறுபது எழுபது பேர் முகத்தோடு முகம் வைத்துக் கத்துவார்கள். புதிதாகப் பார்ப்பவன் போலீஸைக் கூப்பிட ஓடுவான். ஆனால் நான் அங்கே போய்வந்த நாற்பது ஆண்டுகளில் ஒருவரும் ஒருவரையும் தொட்டதில்லை.

இரண்டு விதிகள் உண்டு. அந்த வாரம் எங்கள் மாகாண அணி தோற்றிருந்தால், மேனேஜர் வந்து ஓரமாக நின்று கேட்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. ஆட்டக்காரனின் ரத்த உறவு யாராவது கூட்டத்தில் இருந்தால், அவனைப் பற்றி அவர் பேசக் கூடாது. முதல் விதி மேனேஜரைக் காயப்படுத்த. இரண்டாவது உறவுக்காரரைக் காப்பாற்ற.

என் மகன் யோஸ்பெல் ஆறு சீசனாக அணியின் தொடக்கப் பிட்சர். நான்கு பேர் முறைவைத்துப் பந்தெறிந்து ஆட்டத்தைத் தொடங்குவார்கள், அவர்களில் ஒருவன். அந்த ஆறு சீசனும் பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்து அவனைப் பற்றிய நல்லதும் கெட்டதும் வாய் மூடிக் கேட்டிருக்கிறேன். அது எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை. பேசாமல் இருப்பது எனக்கு இயல்பாக வருவது.

அந்த பிப்ரவரியில் யோஸ்பெல் தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றான். மூன்றாவது தோல்வி ஒரு சனிக்கிழமை. ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தவனுக்குக் காபி கொடுத்தேன். வலது கையை நீட்டியவன், கோப்பையைத் தொடுவதற்குள் பின்னால் இழுத்து, இடது கையால் வாங்கிக்கொண்டான்.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

"என்ன எத்தனை நாளா?"

"முழங்கை."

அவன் காபியைக் குடித்து முடித்தான். "டிசம்பர்லேந்து. வளைவுப் பந்து எறியறப்ப மட்டும். உள்ள யாரோ நூலைப் பிடிச்சு இழுக்கற மாதிரி."

"காராசானாகிட்ட சொல்லு." காராசானா எங்கள் மேனேஜர்.

"சொன்னா ஹவானா ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். அங்க படம் எடுத்துப் பாத்துட்டு மூணு மாசம் எறியாதேன்னு எழுதிக் கொடுப்பாங்க. மார்ச்சுல தேசிய அணிக்கு நாப்பது பேர் பட்டியல் வருது, பெருசு. எனக்கு இருபத்தேழு வயசு. அடுத்த தடவை என்னை யாரு கூப்பிடுவா?"

"கை போச்சுன்னா எப்பவுமே யாரும் கூப்பிட மாட்டாங்க."

"நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது. காரிதாத் மாதா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை முழுதும் அந்தச் சத்தியத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உடைக்க முடியாது. சுற்றிக்கொண்டு போக ஏதாவது வழி இருக்குமா என்று தேடினேன். தொடக்கப் பிட்சர் ஐந்து நாளைக்கு ஒருமுறை தொண்ணூறு, நூறு பந்து எறிவான். மாற்றுப் பிட்சர் ஆட்டத்தின் பின்பாதியில் வந்து பத்துப் பதினைந்து பந்து எறிவான். பல நாள் அதுவும் இருக்காது. யோஸ்பெலை மாற்றுப் பிட்சர்களோடு சேர்த்துவிட்டால் முழங்கைக்கு ஓய்வு. ஹவானா இல்லை, படம் இல்லை, பட்டியலிலும் பெயர் இருக்கலாம். காராசானா மறுநாள் மூலைக்கு வருவார். மூலை ஒரே குரலில் சொன்னால் அவர் கேட்பார். அவரும் வேலை போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய மனிதர்.

மறுநாள் மூலை கொதித்துக்கொண்டிருந்தது. பேசும் முறை யாருக்கு என்று தீர்மானிப்பவர் நெரெய்தா. தபால் நிலையத்தில் முப்பது ஆண்டு இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். அவர் விரலை நீட்டாமல் யாரும் பேசக் கூடாது என்பது ஏற்பாடு, யாரும் கேட்பதில்லை. லாரி மெக்கானிக் எவெலியோ பேசிக்கொண்டிருந்தான். அரசு வக்கீல் என்று அவனுக்குப் பட்டப்பெயர்.

"நாலு பேர்ல ஒருத்தன்தான் பிட்சர். மத்த மூணும் சுமை," என்றான் எவெலியோ. "ஃபெர்மினுக்கு முப்பத்தொன்பது வயசு. அவன் வேகப் பந்து மட்டைக்கு வந்து சேர்றதுக்குள்ள ரொட்டி வரிசையில நான் ரெண்டு ஆளைத் தாண்டிடுவேன்."

"நீ எங்க வரிசையில நின்ன? உன் பொண்டாட்டிதான நிக்கறா," என்றார் முடிதிருத்தும் சிக்ஸ்டோ.

"அவளே தாண்டிடுவா. போதுமா? அடுத்தது துனியெல். மட்டைக்கு எட்டற மாதிரி எறியற ஸ்ட்ரைக்னு ஒண்ணு இருக்கறதே அவனுக்கு யாரும் சொல்லல. எதிரணிக்காரன் மட்டையை வீட்டுலயே வெச்சுட்டு வரலாம்."

"இடதுகைக்காரன் அப்படித்தான். பொறுக்கணும்," என்றார் சிக்ஸ்டோ.

"பொறுத்துப் பொறுத்துப் பன்னெண்டாவது இடத்துக்கு வந்தாச்சு, தோழரே. இன்னும் பொறுத்தா பேஸ்பாலை விட்டுட்டு டோமினோ ஆடலாம்."

பிறகு யோஸ்பெலின் பெயர் வந்தது. என் பக்கம் பார்த்துவிட்டுக் குரலை ஒரு படி இறக்கினார்கள்.

"அவனை விடுங்கப்பா," என்றார் சிக்ஸ்டோ. "நாலு இன்னிங்ஸ் வரைக்கும் அவனை எவனும் தொட முடியல. இன்னும் ரெண்டு ஆட்டம் கொடுத்தா சரியாயிடுவான்."

எவெலியோகூடத் தோளைக் குலுக்கினான். "சரி, துனியெலை எடுங்க. யோஸ்பெல் இருக்கட்டும்."

மரத்துக்கு அந்தப் பக்கம் காராசானா காகிதக் கோப்பையில் காபியோடு நின்று, தலையை மெல்ல ஆட்டினார். மூலை என் மகனைத் தக்கவைத்துக்கொள்ளப் போகிறது என்று புரிந்தது. நான் எழுந்து கையைத் தூக்கினேன்.

நெரெய்தா என்னை உற்றுப் பார்த்தார். "தோழர் எலாடியோ, விதி உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன்."

நெரெய்தா விரலை நீட்டினார்.

"என் பையன் ஆட்டத்தைத் தொடங்க லாயக்கில்ல," என்றேன். "கையில பந்து இருக்கு. நெஞ்சுல ஒண்ணும் இல்ல. அஞ்சாவது இன்னிங்ஸ் வந்தா கால் நடுங்கும். நான் வளத்தவன், எனக்குத் தெரியும்."

நம்பவில்லை என்பது முகங்களில் தெரிந்தது. ஒரு தகப்பனின் கோபம் என்று நினைத்தார்கள். இன்னும் ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தது.

"பதினாலு வயசுல மாகாண இறுதி ஆட்டம். அஞ்சாவது இன்னிங்ஸ், பேஸ்ல எதிரணிக்காரன் ரெண்டு பேர். இவன் அழுதுகிட்டே பந்து எறியற மேட்டை விட்டு இறங்கி என்கிட்ட ஓடி வந்தான். என்னை ஆட்டத்துலேந்து எடுத்துடச் சொல்லுன்னான். அன்னிக்கு ஓடி வந்த அதே பையன்தான் இன்னிக்கும் மேட்டுல நிக்கறான். கடைசியில ஒரு இன்னிங்ஸ் கொடுங்க, எறிவான். அதுக்கு மேல கேக்காதீங்க."

அழுதது உண்மை. ஓடி வந்ததும் உண்மை. அன்று அவனுக்கு முப்பத்தொன்பதரை டிகிரி செல்சியஸ் காய்ச்சல் இருந்தது; அதை நான் சொல்லவில்லை.

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். "இதுதான் ரசிகன்," என்று எவெலியோ என் தோளில் அடித்தான். "ரத்தத்தை விட அணி பெருசுன்னு சொல்ற ஒரே ஆள்." காராசானா கோப்பையைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் நடந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை வானொலியில் சொன்னார்கள். யோஸ்பெல் இனி மாற்றுப் பிட்சர்.

அன்று மதியம் வீட்டுக்கு வந்தவன் உட்காரவில்லை. நான் பேசியதை ஒரு சொல் விடாமல் யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"காய்ச்சலை ஏன் சொல்லல?" என்று கேட்டான்.

"சொன்னா நம்பியிருக்க மாட்டாங்க. எல்லாம் உன் கைக்காகத்தான்டா."

"கையைப் பத்தி மட்டும் பேசாதன்னு சொன்னேன். நீ கையை மட்டும் விட்டுட்டு மிச்சம் எல்லாத்தையும் பேசிட்ட."

அவன் பையில் துணிகளை இடது கையால் எடுத்து வைத்தான். மைதானத்தில் ஆட்டக்காரர்களுக்கான விடுதிக்குப் போய்விட்டான். நான் வாசல்வரை போனேன். பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கை பிழைத்தால் கோபம் ஒருநாள் தீரும் என்று கணக்குப் போட்டேன்.

அந்த வாரம் எல்லா ஆட்டத்துக்கும் போனேன். உள்ளே அழைத்தால்தான் மாற்றுப் பிட்சர் ஆட்டத்தில் எறிவான். அதற்கு முன் ஓரக்கோட்டுக்கு அப்பால், வேலியை ஒட்டிய இடத்தில், கையைச் சூடாக்க எறிவான். முதல் நாள் மூன்றாவது இன்னிங்ஸில் துனியெல் தடுமாறியதும் யோஸ்பெல் எழுந்தான். இருபத்தெட்டுப் பந்து எறிந்தான். துனியெல் சமாளித்துக்கொண்டான், யோஸ்பெலை உட்காரச் சொன்னார்கள். ஆறாவதில் மறுபடி எழுப்பினார்கள். முப்பத்தொன்று. உட்கார். எட்டாவதில் மறுபடி. கடைசிவரை உள்ளே அழைக்கவே இல்லை. மறுநாள் ஃபெர்மின் தடுமாறினான். மறுபடி இரண்டு முறை எழுந்தான். அதற்கு மறுநாளும்.

வானொலிக்காரர் யோஸ்பெலுக்கு மூன்றாவது நாளாக ஓய்வு என்றார்.

நாற்பது ஆண்டு மூலையில் நின்று பிட்சர்களைப் பற்றிப் பேசியவன் நான். எந்த ஆண்டு எவன் எத்தனை பந்து எறிந்தான் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வேலியோரம் எறியப்படுபவற்றை எவனும் எண்ணுவதில்லை என்பது எனக்கு அந்த வாரம்தான் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் நடுமேட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து நாளைக்கு ஒருமுறை நூறு பந்து எறிந்த கையை, தினமும் எண்பது பந்து எறிய வைத்தது நான்.

வெள்ளிக்கிழமை, ஆட்டத்துக்கு முன் காராசானாவை வீரர்கள் நுழையும் வாயிலில் பிடித்தேன். சத்தியத்தை உடைத்தேன்.

"அவனுக்கு முழங்கை சரியில்ல. டிசம்பர்லேந்தே. தயவுசெய்து எறிய விடாதீங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "திங்கட்கிழமை நெஞ்சு இல்லன்னீங்க. இன்னிக்கு முழங்கைங்கறீங்க. நாளைக்கு என்ன சொல்வீங்க, ஐயா?"

"அன்னிக்குச் சொன்னது பொய்."

"எழுபது பேர் முன்னால பெத்த பிள்ளையைப் பத்தியா?" அவர் உள்ளே திரும்பி யோஸ்பெலைக் கூப்பிட்டார். அவன் வந்தான். என் பக்கம் பார்க்கவில்லை.

"கை வலிக்குதா?"

"இல்ல, மேனேஜர்."

"உங்க அப்பா வலிக்குதுங்கறார்."

"பயம்னு சொன்னவரும் அவர்தான்." கையை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டிக் காட்டினான். அவன் மேலுதட்டில் வியர்வை கோத்திருந்ததை நான் பார்த்தேன். "எப்ப வேணும்னாலும் எறிவேன். எத்தனை இன்னிங்ஸ் வேணும்னாலும்."

வலி என்று அவன் சொல்லியிருந்தால் பயந்தவன் என்று நான் சொன்னது உறுதியாகிவிடும். அவனுக்கு வேறு பதிலே இல்லாமல் செய்துவிட்டு, அவனிடம் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், எட்டாவது இன்னிங்ஸில், ஒரு ரன் முன்னிலையில் அவனை அழைத்தார்கள். மூன்றாம் பேஸ் பக்கத்துக் கேலரி "அழுமூஞ்சி" என்று தொடங்கியது. எவெலியோ வைத்த பெயர். கைதட்டலோடு பாடினார்கள்: அழுமூஞ்சி, அப்பா எங்கே? சிலர் என்னைக் கண்டு சிரித்துக் கையசைத்தார்கள், அன்போடுதான். நான் அவர்கள் ஆள்.

முதல் ஆளை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றினான். இரண்டாவது ஆளையும். மூன்றாவது ஆளுக்கு வளைவுப் பந்து எறிந்தான். பந்து அவன் கையை விட்டுப் போய் மட்டைக்குப் பாதிவழியில் தரையில் விழுந்து உருண்டது. அவன் முழங்கையைப் பிடிக்கவில்லை, உட்காரவில்லை. மேட்டை விட்டு இறங்கி, உருண்ட பந்தை இடது கையால் எடுத்து, நடுவரிடம் கொடுத்துவிட்டு வெளியே நடந்தான். ஓடிப்போகிறான் என்று கேலரி எழுந்து நின்று ஊளையிட்டது.

இரண்டு வாரம் கழித்து ஹவானாவில் படம் எடுத்தார்கள். தசைநார் முழுதாக அறுந்திருந்தது. டாக்டர் இளம்பெண், கோபத்தை மறைக்கத் தெரியாதவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி என்னிடம் கேட்டார்: "இது ஒரே நாள்ல அறுந்தது இல்ல. பல மாசமா கிழிஞ்சிருக்கு. கூட இருக்கற உங்களுக்குத் தெரியாதா?"

நான் வாயைத் திறந்தேன். யோஸ்பெல் கட்டிலில் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். மூன்று வாரமாக என்னோடு ஒரு சொல் பேசாதவன், திரும்பாமலே பேசினான்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாது, டாக்டர். அவர் வெறும் ரசிகர்."

டாக்டர் தலையசைத்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு, உறவினர் மட்டும்தான் அறையில் இருக்கலாம் என்று என்னை வெளியே போகச் சொன்னார். நான் போனேன்.